தட்டுக்காரம்மாவும் நீலப் புள்ளியும்

நடைபாதையின் நடுவில் தட்டோடு அவர் நின்றுவிட்டார் என்றால் மற்றவர்கள்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவர் அசைய மாட்டார். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால் உதட்டைக் கோணி ஊதித்தான் விரட்டுவார். தட்டைப் பிடித்த கை விலகாது. ஒற்றைக் கம்பின் மேல் பொருத்திய அகலமான மரத்தட்டு அது. அதில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கிய செல்போன்கள், எல்லாம் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். விலை உயர்ந்ததும் உண்டு, திரை கீறிப்போன பழையதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "எல்லாம் விக்கிறதா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒருமுறை ஒரு பெரியவர் பரிதாபப்பட்டுத் தட்டில் காசு போட்டுவிட்டுப் போனார்.

"வேண்டாம்னு சொல்லலாம்னா வாயத் திறந்தா கை ஆடும். சும்மா இருந்துட்டேன்," என்றார் என்னிடம். "காசு விழுந்தது புளுகன் மேல. அன்னிக்கு முழுக்க அவனுக்குத் திமிரு தாங்கல."

புளுகன் என்பது தட்டில் இருக்கும் ஒரு போன். மற்றவற்றுக்கும் பெயர் இருக்கிறது. எதையும் யோசித்துச் சொல்வது சாது. திறந்தவுடன் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வருவது அவசரக்குடுக்கை. விலை அதிகமான ஒன்றுக்கு மாப்பிள்ளை என்று பெயர். "நல்லாத்தான் சொல்லுவான், ஆனா ரொம்ப சீக்கிரம் சூடாயிடுவான்."

அவருக்குச் சம்பளம் கொடுப்பது வரைபடச் செயலி செய்யும் ஒரு நிறுவனம். நில அளவைக்காரர்கள் நகரத்தில் அங்கங்கே நடைபாதையில் பித்தளைக் குமிழ் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குமிழும் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது விரல் அகலம் பிசகாமல் தெரியும். அந்தக் குமிழுக்கு நேர் மேலே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. போன்கள் ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓர் இடத்தைச் சொல்லும். சொன்ன இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அவருடைய அலுவலகத்துக்கு வேண்டும். வெயிலிலும் தூறலிலும் இதைச் செய்கிறார். தெருவில் அவருக்குத் தட்டுக்காரம்மா என்று பெயர் வந்தது இப்படித்தான். நான் அவர் வீட்டுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கிறேன். என்னை அவர் கீழ்வீட்டம்மா என்கிறார்.

போன்களின் மேல் அவருக்குக் கோபமே வராது. வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்.

"வெட்டவெளியில கொண்டுபோய் வெச்சுப் பாருங்க. ஒரு வேன் நிக்கிற இடத்துக்குள்ள சரியாச் சொல்லிடும். எல்லாம் நல்ல புள்ளைங்கதான். சேர்க்கைதான் சரியில்ல. இந்தக் கண்ணாடிக் கட்டடங்களோட சேர்ந்தா எந்தப் போனும் கெட்டுப்போகும்."

அது எப்படி என்று கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். கையில் கிடைப்பதை வைத்து விளக்குவார். என் வீட்டுச் சமையலறையில் டம்ளரையும் டப்பாக்களையும் அடுக்கி ஒருமுறை தெருவே அமைத்துவிட்டார். "மேல சாட்டிலைட்ல இருந்து சேதி வருது. வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வெச்சுத்தான் எவ்வளவு தூரம்னு போன் கணக்குப் போடுது. நேரா வந்தா சரி. இந்த டப்பா மறைச்சு, அந்த டப்பாவுல முட்டி, சுத்திக்கிட்டு வந்தா? லேட்டாயிடும். லேட்டா வந்தா ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்குன்னு போன் நம்பிடும். நம்பி, நம்மளத் தூக்கி அடுத்த தெருவுல வெச்சிடும். அது மேல என்ன தப்பு, சொல்லுங்க."

அதனால்தான் வரைபடத்தில் தெரியும் நீலப் புள்ளியை அவர் மதிப்பதில்லை. புள்ளியைச் சுற்றி வெளிறிய நீலத்தில் ஒரு வட்டம் தெரியும் அல்லவா, அதைத்தான் பார்ப்பார். "புள்ளியப் பாக்காதீங்க, வட்டத்தப் பாருங்க. 'இதுக்குள்ள எங்கயோ இருக்கேன், சரியாத் தெரியல'ன்னு அது நேர்மையா சொல்லுது. நாமதான் புள்ளியப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறோம்." பொருள் கொண்டுவரும் பையன்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பின்தெருவில் போய் நின்றுகொண்டு போன் செய்வார்கள். அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பின்னாடி திரும்புங்க, தலைய நிமிருங்க, ஆங், நான்தான்," என்று கையாட்டி வரவழைப்பார். விருந்தாளிகளுக்கு லொகேஷன் அனுப்புகிற பழக்கம் கிடையாது. தெருமுனைக்கு நடந்துபோய் அவரே நிற்பார்.

கணவர் பேக்கரியில் வேலை பார்க்கிறார். விடியும் முன் போய்விட்டு, மதியம் மாவு வாசனையோடு வந்து தூங்குவார். பேச்சு குறைவு. "எங்க இருக்க?" என்று மனைவியிடம் போனில் கேட்பதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். கேட்டால், "சுமாரா சொல்லட்டுமா, சரியா சொல்லட்டுமா?" என்று பதில் வருமாம்.

இவ்வளவு விவரம் தெரிந்த தட்டுக்காரம்மா, ஒரே ஒரு புள்ளியை மட்டும் நம்பினார். அது அவருடைய அக்காவின் புள்ளி.

அக்கா பல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் பல்லுக்கு மெழுகில் வடிவம் செதுக்கிக் கொடுக்கிற வேலை. நல்ல கைகாரி என்று பெயர். கணவர் திடீரென்று இறந்துபோன பிறகு அந்த வேலையை விட்டார், வீட்டைக் காலி செய்தார், ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்து பல மாதமாயிற்று. மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார், சிரிக்க மாட்டார். தட்டில் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்று தங்கை சொல்வார். தூக்கமும் இல்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை போட்டும் அறையில் விளக்கு எரியும்.

"நீ எங்க போனாலும் எனக்குத் தெரியணும்," என்று ஒருநாள் தங்கை கேட்டிருக்கிறார். அக்கா மறுக்கவில்லை. போனை எடுத்து நீட்டியிருக்கிறார். "பாத்துக்கோ." ஏதோ தனக்கு வேண்டாத பொருளைக் கொடுப்பதுபோல் கொடுத்தார் என்று தங்கை என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து தங்கையின் போனில் அக்காவின் சின்னப் படம் போட்ட புள்ளி ஒன்று நடமாட ஆரம்பித்தது. வீடு, மருந்துக்கடை, ஆற்றங்கரை, வீடு. ஆற்றங்கரைக்கு ஏன் அடிக்கடி போகிறாய் என்று கேட்டதற்கு, "தண்ணி பக்கத்துல உக்காந்தா சத்தம் கொஞ்சம் அடங்குது," என்றாராம். என்ன சத்தம் என்று தங்கை கேட்கவில்லை.

அன்று மதியம் நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. தட்டுக்காரம்மா வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"வண்டி இருக்கா? எடுங்க."

கேள்வி கேட்காமல் சாவியை எடுத்தேன். என்னுடையது பழைய கார். இரண்டு மூன்று முறை செருமிவிட்டுத்தான் கிளம்பும். அதற்குள் அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வரைபடத்தில் ஆறு நீலமாக அகன்று கிடந்தது. அதன் நடுவில், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, அக்காவின் முகம்.

"அசையவே இல்ல. நான் பாக்க ஆரம்பிச்சதுல இருந்து அங்கயே இருக்கு. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா."

"ரிங் போகுதா?"

"போகுது."

"போகுதுன்னா தண்ணிக்குள்ள இல்ல. தண்ணிக்குள்ள ரிங் போகுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போனக் கரையில வெச்சுட்டும் போகலாம்," என்றார்.

அவர் மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே வந்தார். முழுசாக அடித்து ஓயும். உடனே திரும்ப அழுத்துவார். சிக்னலில் நின்றபோது நான் மெதுவாகச் சொன்னேன். "நீங்கதானே சொல்வீங்க, புள்ளியப் பாக்காதீங்க, வட்டத்தப் பாருங்கன்னு."

"அது மத்தவங்க புள்ளி. இது என் அக்கா."

எனக்குத் தெரிந்த சாலையே அன்று நீண்டுகொண்டு போனது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழிவிடாமல் ஊர்ந்தது. அவர் காலால் காரின் தரையை அழுத்திக்கொண்டே வந்தார், அங்கே ஏதோ பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இருப்பதுபோல.

ஆற்றங்கரைச் சாலைக்கு ஒரு தெரு முன்பாகவே வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் குழாய்ப் பள்ளம் தோண்டித் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஆற்றை மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். எதிர்ப்பக்கம் பழைய அலுவலகக் கட்டடங்கள், அவையும் உயரம்தான். நடுவில் தெரு, வெயில் இறங்காமல் இருட்டாகக் கிடந்தது. அவர் கதவைத் திறந்து குதித்தார். எந்தப் பக்கம் ஓடினால் ஆறு என்று பார்க்கப் போனைத் தூக்கினார்.

ஓடவில்லை. அப்படியே நின்றார்.

நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோதும் அவர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். போனைத் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"கீழ்வீட்டம்மா, நான் எங்க நிக்கறேன்?"

"என்ன கேக்கறீங்க?"

"சொல்லுங்க. நான் எங்க நிக்கறேன்?"

"ரோட்டுல."

"இதப் பாருங்க."

போனைப் பார்த்தேன். ஆற்றின் நடுவில் அக்காவின் முகம். அதற்குப் பக்கத்திலேயே, அதே தண்ணீரில், இவருடைய நீலப் புள்ளி. நிற்பது சிமெண்ட் பலகை போட்ட நடைபாதையில். போனின் கணக்கில் அவர் கரையைத் தாண்டி எங்கோ ஆழத்தில் இருந்தார்.

"நானும் ஆத்துக்குள்ளதான் நிக்கறேன்," என்றார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு இல்லை. தலையை நிமிர்த்திக் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தார், திரும்பி எதிர்க்கட்டடத்தைப் பார்த்தார், நடுவில் தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தார். முகத்தில் பழைய தட்டுக்காரம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார். "இந்தப் பக்கம் மறைக்குது, அந்தக் கண்ணாடியில முட்டித் திரும்புது. என்னத் தூக்கி ஆத்துல போட்டிருக்கு. அவளையும் தூக்கிப் போட்டிருக்கு. அவ இந்தத் தெருவுலதான் எங்கயோ இருக்கா."

சொன்னாரே தவிர, முழுசாக நம்பிவிடவில்லை. என் முழங்கையைப் பிடித்தார். "எதுக்கும் நீங்க கரைக்குப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க. என்னால முடியாது."

போனேன். ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு, முந்தின நாள் மேட்சைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கூட்டம் இல்லை, யாரும் எதையும் எட்டிப் பார்க்கவில்லை. தூண்டில்காரரிடம், "இங்க ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். "ஒண்ணுமே மாட்டலம்மா," என்றார் அவர். அந்தப் பதிலுக்கு நான் நன்றி சொன்னதை அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது, அக்காவை அழைத்துக்கொண்டே வாசல் வாசலாகக் காது கொடுத்து வந்த தட்டுக்காரம்மா பழைய கட்டடம் ஒன்றின் முகப்பில், காவலாளியின் மேசை முன் நின்றிருந்தார். மேசை வாசல் ஓரமாக இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடையில் பல போன்கள். அதில் ஒன்று அதிர்ந்து அதிர்ந்து மற்றவற்றின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. திரையில் "சின்னது அழைக்கிறது" என்று மின்னியது.

"நான்தான் சின்னது," என்றார் காவலாளியிடம், கையில் இருந்த தன் போனைக் காட்டி.

"நீங்கதானா," என்றார் காவலாளி களைப்போடு. "ரொம்ப நேரமா அடிச்சுக்கிட்டே இருக்கீங்கம்மா. எடுத்துச் சொல்லலாம்னா, அடுத்தவங்க போன எடுக்கக் கூடாதுன்னு ரூல். மேல மூணாவது மாடி. பல் செய்யற இடம். உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க."

லிஃப்டுக்கு அவர் காத்திருக்கவில்லை. நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றிருந்தார். உள்ளே நீள மேசை. வெள்ளை மேலங்கி போட்டு, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, குனிந்து உட்கார்ந்திருந்தார் அக்கா. கையில் சின்னக் கத்தி. நுனி நாக்கு உதட்டோரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. பல மாதமாக எனக்குத் தெரிந்த அந்த வாடிய முகத்தில், வேலையில் மூழ்கிய ஒருத்தியின் கடுமை இருந்தது.

கதவைத் தட்ட நான் கையைத் தூக்கினேன். அவர் தடுத்தார்.

"கூப்பிடாதீங்க. முடிக்கட்டும்."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தன் கால்களைப் பார்த்தார். செருப்பு இல்லை. பாதமெல்லாம் குழாய்ப் பள்ளத்துச் சேறு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சநேரம் சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். தங்கையைப் பார்த்துத் திகைத்து, முதலில் காலைத்தான் பார்த்தார்.

"செருப்பு எங்கடி?"

"வீட்டுல."

"எதுக்கு இப்படி ஓடி வந்திருக்க? உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அவர் தூங்கறார்." போனை எடுத்து நீட்டினார். "நீ எங்க இருக்கன்னு பாரு."

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நான் ஆத்துக்குள்ளயா இருக்கேன்?"

"கீழ தெருவுல நின்னப்ப நானும் அங்கதான் இருந்தேன்."

"பரவாயில்லையே, பக்கத்துலயே வந்துட்ட." அக்கா சிரித்தார். சின்னச் சிரிப்புதான், பாதியில் நின்றுவிட்டது. தங்கையின் சேற்றுக் கால், சிவந்த கண், பக்கத்தில் அசடு வழிய உட்கார்ந்திருக்கும் நான், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். "அப்படியா நெனச்ச?"

தங்கை முந்தானையால் காலில் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். விரல் நகமெல்லாம் மெழுகு. "வந்த புதுசுல எனக்கும் அந்த நெனப்பு இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்ப கொஞ்ச நாளா இல்ல. கரைக்கு நடந்து போறப்ப இங்க ஆள் வேணும்னு போர்டு பாத்தேன். தினமும் பாத்துட்டுத் திரும்பிடுவேன். இன்னிக்குத்தான் படி ஏறினேன்."

"சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"கிடைக்கலன்னா உன் மூஞ்சிய யாரு பாக்கறது?"

"கிடைச்சுதா?"

"ஒரு கடவாய்ப் பல்லு செதுக்கிக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். ஓனரம்மா வாங்கிப் பாத்துட்டு, திருப்பித் தராம மேசையில வெச்சுக்கிட்டாங்க. திங்கக்கிழமைல இருந்து வரச் சொல்லியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "கை மறந்திருக்கும்னு பயந்தேன். மறக்கல," என்றார்.

கீழே இறங்கும்போது காவலாளி கூடையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். "சின்னதக் கொஞ்சம் நிதானமா இருக்கச் சொல்லுங்கம்மா," என்றார் அக்காவிடம். தெருமுனையில் பன் வாங்கி மூவரும் காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா தன் பங்கை முடித்துவிட்டு, தங்கை கையில் மீதி இருந்ததையும் பேசாமல் வாங்கித் தின்றார். நாங்கள் இருவரும் அதைக் கவனிக்காததுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சகோதரிகள் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். வண்டியைத் திருப்பினேன். முதலில் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு வேலை, எந்த பஸ் என்று. அப்புறம் அடங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா தங்கையின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தங்கை தோளை அசைக்காமல், ஜன்னல் காற்று படாதபடி உள்ளங்கையால் அக்காவின் காதை மூடிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெரு வந்தது. வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். தட்டுக்காரம்மா தூங்கும் அக்காவைக் கண்ணால் காட்டினார். நிறுத்த வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள் என்று முன்னால் கையைக் காட்டினார்.